கருவிக்குக் காசு, கலைஞனுக்குப் பொன்னாடை

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப்பக்கத்து இலக்கியக் கூட்டங்களில் ஒரு நடைமுறை உண்டு. மைக் செட்டுக்கு வாடகை பேசி முன்பணம் கொடுத்துவிடுவோம். மண்டபத்துக்கும் அப்படியே. நாற்காலியை எண்ணிப் பணம் தருவோம். பேச வந்தவருக்கு ஒரு பொன்னாடை. என் வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைதான். குளிருக்கும் உதவாது, துடைக்கவும் உதவாது. இந்த அறக்கட்டளைக்காரர்கள் வேறு மாதிரி. பேச்சாளருக்கு இன்ன தொகை என்று பத்திரத்திலேயே எழுதிவைத்து, அழைப்புக் கடிதத்திலும் அதைக் கூச்சமில்லாமல் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் இன்றைய தலைப்பு தோன்றியது.

பாட்டுக் கேட்கிற கருவிக்கும், படம் பார்க்கிற கருவிக்கும், படிக்கிற கருவிக்கும் நாம் முகம் சுளிக்காமல் பணம் தருகிறோம். கையில் இல்லாவிட்டால் மாதத் தவணையில் தருகிறோம். பாட்டை எழுதியவரும் பாடியவரும் கதையை எழுதியவரும் கேட்டால், ‘கலையைக் காசாக்கப் பார்க்கிறாரே’ என்கிறோம். இது செல்போன் கொண்டுவந்த புத்தி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேறு ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லலாம். கடலூர்க்காரர்கள் சொல்லக் கூடாது. நம்மிடம் நூறு வருஷக் கணக்கு இருக்கிறது.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி, பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்து டிசம்பர் 14-இல் வெளியே வந்தார். அதன்பின் மனைவியின் ஊரான கடையத்துக்குப் போய்விட்டார் என்பது நாம் அறிந்ததே. அங்கிருந்து 1920-இல் அவர் போட்ட ஒரு வியாபாரத் திட்டத்தைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. தம் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிட்டு விற்பது. அச்சுச் செலவுக்கு அன்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்பது. தானமாகக் கேட்கவில்லை, வட்டி தருகிறேன் என்றார். நான்கு லட்சம் பிரதி! கடன் கொடுக்க ஆள் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கவிஞர் இறந்துபோனார்.

அவர் போன பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஊரெங்கும் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாட்டு ஒலித்தது. கிராமபோன் பெட்டிகள் வசதியான வீடுகளுக்குள் வந்தன. பெட்டி வந்தால் தட்டு வேண்டும். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம் ஓடும். அந்த மூன்று நிமிஷத்துக்குப் பாட்டு வேண்டும். பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை வாங்கியது யார் தெரியுமா? சென்னையில் நகை வியாபாரம் செய்துவந்த ஒரு குஜராத்தி நிறுவனம். நகையோடு கிராமபோன் தட்டுத் தொழிலிலும் அவர்கள் கை வைத்திருந்தார்கள். நூல்களை அச்சிடும் உரிமை ஒரு பக்கம் போயிற்று, பாட்டைப் பதிவு செய்யும் உரிமை இன்னொரு பக்கம் போயிற்று. பாரதியின் மனைவி செல்லம்மாள் இரண்டு பெண்களோடு நின்றார்.

நகைக்கடைக்காரரிடமிருந்து அந்த உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதியை நாடே கேட்டது. மறுவருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டை வைத்தார்கள், ஏவி.எம். தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதிலிருந்துதான் பாரதியைப் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்ற கிளர்ச்சி சூடு பிடித்தது. 1949-இல் அரசு உரிமைகளை ஏற்றது. அப்போது முதலமைச்சராக இருந்தவர், இதே மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீசுக்கு உட்பட்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைக் காசு வாங்காமல் ஒப்படைத்தார். செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கிடைத்தது. கவிஞர் மறைந்து 28 வருஷத்துக்குப் பின்.

இப்படி எழுத்தின் உரிமையை அரசே ஏற்கும் நாட்டுடைமை என்ற ஏற்பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத, நமக்கே உரிய பெருமை அது. ஆனால் அது யாருக்குப் பணம் தருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இறந்தவரின் வாரிசுக்கு, ஒரே ஒரு முறை.

திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தினமணி’யில் வேலை பார்த்து, வெளியே வந்து, சினிமா வசனத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று புனே வரை போய், காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். குடும்பத்துக்காக நிதி திரட்டினார்கள். அவர் எழுத்தை அரசு நாட்டுடைமையாக்கியது 2002-இல். நமது சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு என்பதால், இன்னும் ஆறு வருஷம் பொறுத்திருந்தால் அது தானாகவே பொதுவுடைமை ஆகியிருக்கும். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், பத்திரிகைக்குக் கடவுளையே ஜீவிய சந்தாதாரராக மடக்கப் பார்க்கிறார் பிள்ளை. யாருடைய ஜீவியத்துக்கு என்று கடவுள் விசாரிக்கிறார். பத்திரிகையில் வேலை பார்த்த ஒரு மனிதரால்தான் அப்படி ஒரு கேள்வியை எழுத முடியும்.

இதே மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் கதை வேறு. அவர் எழுதிப் பிழைத்தார். தலை நிமிர்ந்தே பிழைத்தார். எப்படி முடிந்தது? அறுபதுகளில் வாரப் பத்திரிகைகள் பெருகின. ‘ஆனந்த விகடன்’ முத்திரைக் கதை என்று தனி மரியாதை வைத்து எழுத்தாளருக்குச் சன்மானம் கொடுத்தது. வாசகர் கடையில் கொடுத்த சில்லறையில் காகிதத்தின் விலை, அச்சுக்கூலி, ஏஜெண்டு கமிஷன் எல்லாவற்றோடும் ஜெயகாந்தனின் பங்கும் சேர்ந்தே இருந்தது. பிரித்துக் கொடுக்க முடியாது. காகிதத்தை மட்டும் வாங்குகிறேன், கதை எனக்கு ஓசியில் வரட்டும் என்று யாரும் சொல்ல வழியில்லை. புத்தகமும் அப்படித்தான். நூறு ரூபாய்ப் புத்தகத்தில் எழுத்தாளருக்குப் பத்து ரூபாய் என்பது வழக்கம். பத்துத்தானா என்று நமக்குக் கோபம் வரலாம். ஆனால் கருவிக்கும் எழுத்துக்கும் ஒரே விலைச்சீட்டு என்பதால் அந்தப் பத்தாவது வந்தது.

இரண்டையும் முதலில் பிரித்துவைத்தது டேப் ரெக்கார்டர். எண்பதுகளில் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரை, பாட்டுப் பதிவு செய்து தரப்படும் என்ற பலகை போட்ட கடைகள் இருந்தன. நாலுக்கு ஆறடி இடம். சுவர் முழுக்க எல்.பி. ரிக்கார்டு அட்டைகள். நாம் ஒரு கோடு போட்ட தாளில் படத்தின் பெயரும் பாட்டின் முதல் அடியும் எழுதிக்கொண்டு போவோம். கூடவே டி.டி.கே.யோ சோனியோ ஒரு வெற்று கேசட். 60 நிமிஷ கேசட்டில் 13 பாட்டு அடங்கும். பதினாலாவதாக எழுதியதைக் கடைக்காரர் பேனாவால் அடித்துவிடுவார். ஒரு வாரம் கழித்துப் போனால், உறை அட்டையில் பொடி எழுத்தில் இரண்டு பக்கத்துப் பாட்டும் எழுதப்பட்டிருக்கும். கையில் கொடுப்பதற்கு முன் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தடுப்பை நகத்தால் உடைத்துவிடுவார். அதற்கு மேல் தவறி யாரும் வேறெதையும் பதிந்துவிட முடியாது. தொழில் சுத்தம் என்றால் அப்படி.

அந்த ஒரு கேசட்டில் யார் யாருக்குப் பணம் போயிற்று? கேசட் செய்த கம்பெனிக்கு. டேப் ரெக்கார்டர் விற்ற கடைக்கு. எல்.பி. தட்டு ஒன்றுக்கு ஒரு முறை கம்பெனிக்கு, அதை நூறு பேருக்குப் பதிந்து கொடுக்கலாம். பதிவுக்கூலி கடைக்காரருக்கு. கரண்டு பில் மின்சார வாரியத்துக்கு. இளையராஜாவுக்கு? வைரமுத்துவுக்கு? எஸ். ஜானகிக்கு? ஒரு பைசா கிடையாது. அந்தக் கடைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. என் இளமையை இனிமையாக்கியவர் அவர். எனக்கும் அவருக்கும் இடையில் பாடகர் என்று மூன்றாவது ஆள் இருக்கிறார் என்ற எண்ணமே எங்கள் இருவருக்கும் வரவில்லை.

இதே பிரச்சினை மேற்கு ஜெர்மனிக்கு இருபது வருஷம் முன்பே வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர். வானொலியில் வரும் பாட்டையெல்லாம் ஜனங்கள் பதிந்துகொள்கிறார்கள். இசையமைப்பாளர்களின் சங்கமான கெமா நீதிமன்றம் போயிற்று. டேப் ரெக்கார்டர் விற்கும்போது வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் விலாசம் எடுத்துத் தரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1964-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் மறுத்தது. யார் வீட்டுக்குள் யார் என்ன பதிகிறார் என்று எட்டிப்பார்க்க முடியாது, வீடு வீடுதான் என்றது. அப்படியானால் வழி? 1965-இல் புதிய சட்டம் வந்தது. வீட்டில் பதிந்துகொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பதியும் கருவியைச் செய்கிறவர் அதன் விலையில் 5 சதவீதத்துக்கு மிகாமல் ஒரு தொகையைக் கலைஞர்களுக்காகக் கட்டட்டும். எண்பதுகளில் வெற்று கேசட்டுக்கும் நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் அதை நீட்டினார்கள். பிரான்சு 1985-இல் அதே பாதையில் வந்தது. வசூலில் கால் பங்கைப் புதிய படைப்புகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஜெர்மனியில் கேசட் வாங்கியவர் கொடுத்த காசில் பாட்டெழுதியவருக்கு ஒரு சொட்டு இருந்தது. கடலூரில் இல்லை.

நம் நாட்டில் சட்டம் எந்த வேகத்தில் நடந்தது என்பதற்குச் சிதம்பரத்துக்காரர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். சிதம்பரம் எஸ். ஜெயராமன். ‘பராசக்தி’யில் சிவாஜிக்குப் பாடியவர், ‘ரத்தக்கண்ணீ’ரில் நம்மைக் கலங்கவைத்தவர். அவர் அதையெல்லாம் பாடிய 1950-களில், பதிவான தம் குரலின்மேல் ஒரு பாடகருக்கு இந்தியச் சட்டத்தில் எந்த உரிமையும் கிடையாது. 1957-இல் வந்த பதிப்புரிமைச் சட்டமும் பாடகரைக் கண்டுகொள்ளவில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், காசு கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே பாட்டின் முதல் உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்: பாடுகிறவரைச் சட்டம் மறந்துவிட்டதே என்ற ஆதங்கம் அது. நாடாளுமன்றம் அதைக் காதில் வாங்க 17 வருஷம் ஆயிற்று. நிகழ்த்துநர் உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. ஜெயராமன் 1995 ஜனவரியில் காலமானார்.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் விடாமல் போராடினார். திரையரங்கில் படத்தோடு ஓடுவது போக, வேறெங்கே பாட்டு ஒலித்தாலும் அதற்குரிய ராயல்டியில் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஐந்தே வருஷத்தில் அதைப்பற்றி நம் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. 2017-இல் அமெரிக்கப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனபோது தமிழ்நாட்டு டீக்கடைகளில் நடந்த விசாரணை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பெரிய மனிதர்களின் நட்பில் விரிசல் விழுந்தது நமக்கு வருத்தம் தந்தது, நியாயம்தான். ஆனால் ‘இவ்வளவு சம்பாதித்தவருக்கு இன்னும் என்ன ஆசை’ என்று கேட்டோமே, அந்தக் கேள்வியை அந்தச் செய்தியைப் படித்த போனின் கம்பெனியிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

போனுக்கே வருவோம். 15,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினால், அதில் ஏறத்தாழ 2,290 ரூபாய் ஜி.எஸ்.டி.; 18 சதவீதம். ரசீதில் தனி வரியாக அச்சாகியிருக்கும். எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? பிறகு மாதாமாதம் டேட்டாவுக்கு ரீசார்ஜ். அதற்கும் வரி. அந்தப் போனில் ஒரு நாள் காலை, போன மாதம்தான் வெளிவந்த நாவல் ஒன்று பி.டி.எஃப். ஆக வந்து விழுகிறது. யாரோ அட்டையிலிருந்து அட்டை வரை பொறுமையாக ஸ்கேன் செய்திருக்கிறார். ஓரத்தில் கட்டைவிரல்கூடத் தெரியும். ‘படித்துப் பயன்பெறுக’ என்று கைகூப்பும் பொம்மையோடு அனுப்புபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருப்பார். அவர் திருடர் இல்லை. தமிழுக்குத் தொண்டு செய்வதாகவே நினைக்கிறார். அந்த நாவல் 350 ரூபாய். எழுதியவருக்கு வரவேண்டியது 35 ரூபாய். மூன்று வருஷ உழைப்பு.

தமிழில் இலவசமாகக் கொடுக்க வேண்டியவற்றை முறையாகக் கொடுக்கும் நல்ல காரியங்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உரிமைக்காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் உலகத்துக்கே தந்தது. அதற்கும் இந்தக் கட்டைவிரல் பி.டி.எஃபுக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

நம் அரசும் இதே புத்தியில்தான் இருக்கிறது. 2006-இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தார்கள். 2011-இல் மடிக்கணினி. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகச் சொல்லி முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நான் இவற்றை எதிர்க்கிறவன் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் கூலியின் மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவள் மடியில் ஒரு கணினி இருப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தால் தமிழில் படிக்க உள்ளே என்ன இருக்கும்? அதை எழுதுகிறவருக்கு, மொழிபெயர்க்கிறவருக்கு, பாடமாகப் பேசிப் பதிகிறவருக்கு அந்த 2,000 கோடியில் எவ்வளவு? இந்தக் கேள்விக்குத்தான் தலைப்பில் ‘பொன்னாடை’ என்று போட்டேன்.

இனி என் யோசனை. கருவியில் கலைஞனுக்கு ஒரு பங்கு வைப்பது ஏதோ ஐரோப்பியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நாம் அதை இரண்டு முறை செய்திருக்கிறோம்.

ஒன்று, ரேடியோ லைசென்ஸ். அறுபது வயதைக் கடந்தவர்கள் தலையாட்டுகிறீர்கள். ரேடியோ வாங்கினால் அதோடு முடியாது. தபால் ஆபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி, சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை போட்டு வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாவிட்டால் அபராதம். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் ரேடியோவைத் துணி போட்டு மூடிவைத்த வீடுகளும் உண்டு. அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்குப் போயிற்று. கஜானா வானொலியை நடத்தியது. திருச்சி நிலையத்துக்கும் புதுச்சேரி நிலையத்துக்கும் நம் பக்கத்து நாகஸ்வரக்காரரும் கதை படித்த எழுத்தாளரும் போய் நிலையத்தின் செக்கோடு வந்தார்கள். தொகை சிறிதுதான். ஆனால் கேட்பவர், கருவி, கலைஞர் என்ற மூன்று பேருக்கும் இடையே ஒரு நூல் இருந்தது. எண்பதுகளின் நடுவில் லைசென்சை எடுத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். நூலும் சேர்ந்து அறுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது, இன்றைக்கும் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது. இந்த அரங்கில் சொந்த வீடு உள்ளவர்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி வந்தது. இந்தியாவிலேயே முன்னோடியான சட்டம். வீடு வைத்திருப்பவர் வாழ்நாளில் நூலக வாசலை மிதிக்காமல் இருக்கலாம். வரி கட்டுகிறார், ஊருக்கு நூலகம் கிடைக்கிறது. எந்த மஞ்சக்குப்பத்து வீட்டுக்காரரும் இதை எதிர்த்துக் கொடி பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. வீட்டின்மேல் போட்ட வரி புத்தகத்துக்குப் போகலாம் என்றால், போன்மேல் போட்ட வரி எழுத்துக்கும் பாட்டுக்கும் போகக் கூடாதா?

புதிய வரி என்றதும் புருவம் உயரும். புதிய வரியே வேண்டாம். இப்போது வாங்கும் 18-இல் ஒன்றை எடுத்து வையுங்கள். 15,000 ரூபாய்ப் போனில் அது 127 ரூபாய். முன்னே சொன்ன நாவலாசிரியருக்கு மூன்றரைப் புத்தகம் விற்ற பணம். கணக்கு அவ்வளவுதான்.

இதில் ஓட்டைகள் உண்டு, நான் மறைக்கப்போவதில்லை. கனடா இந்தத் தீர்வையை வெற்றுக் குறுந்தகட்டோடு கட்டிப்போட்டது. பாட்டுக் கருவிகளுக்கு நீட்டப் பார்த்தபோது நீதிமன்றம் தடுத்தது. குறுந்தகடு வாங்குவார் இல்லாமல் போனதும் வசூலும் வற்றிவிட்டது. ஸ்பெயினில் அலுவலகம் வாங்கிய கருவிக்கும் சேர்த்துப் பிடித்து, ஐரோப்பிய நீதிமன்றம் வரை இழுபட்டது. அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறொன்று. வசூலித்த பணம் சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் பெரிய இசைக் கம்பெனிகளின் வாசலோடு நின்றுவிடும். பரங்கிப்பேட்டையில் உட்கார்ந்து கடலோர மக்களைப் பற்றி எழுதுகிறவருக்கு என்ன வரும்? வசூல் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயம் என்று தெரியும்.

அதற்கு ஒரு வழி நூலகத்திலேயே இருக்கிறது. இங்கே மாவட்ட மைய நூலகத்தில் எந்த நாவலையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் தேதி முத்திரைகள், ஊதா மையில், கோணல்மாணலாக. சில புத்தகங்களில் தாள் நிரம்பி அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள் என்ற கணக்கு அதுதான். எழுதியவருக்கு அந்தக் கணக்கும் தெரியாது, அதற்கான காசும் வராது. நூலகம் வாங்கிய ஒரு பிரதிக்கு, பதிப்பாளர் நல்லவராக இருந்தால், ஒரு முறை ராயல்டி கிடைத்திருக்கும். பிரிட்டனில் 1979-இல் ஒரு சட்டம் செய்தார்கள். நூலகத்தில் ஒருவர் புத்தகம் எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் சில பென்னிகள் அரசு நிதியிலிருந்து எழுத்தாளருக்குப் போகும். வாசகர் எதுவும் தரவேண்டாம். ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வைத்தார்கள்; பிற்காலத்தில் அது 6,600 பவுண்டு. அந்த உச்சவரம்புதான் அதன் அழகு. பெரிய பெயர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. சிறிய ஊர் எழுத்தாளருக்கும் ஆண்டுக்கொரு முறை ஒரு தொகை வந்துசேரும். டென்மார்க் இதை 1946-இலேயே தொடங்கிவிட்டது.

போனிலிருந்து எடுக்கும் நூற்றுக்கு ஒரு ரூபாயை இந்தத் தேதித் தாளின்படி பங்கிடலாம் என்பது என் கட்சி. பாட்டுக்கு வானொலியும் செயலிகளும் வைத்திருக்கும் கணக்கு இருக்கிறது. நாட்டார் கலைஞர்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்களுக்குப் பிரான்சு செய்ததுபோல் கால் பங்கைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் கைவைக்க மத்திய அரசும் கவுன்சிலும் ஒப்ப வேண்டும், அது நாளாகும் என்பதும் தெரியும்.

நாளாகாத ஒன்று உண்டு. மாநில அரசு மாணவர்களுக்காகக் கருவி வாங்கும்போது நூற்றில் ஒரு ரூபாயை உள்ளடக்கத்துக்கு ஒதுக்குவதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. 2,000 கோடியில் அது 20 கோடி. எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் உரிய தொகையைக் கொடுத்து, நல்ல தமிழ் நூல்களை அந்தக் கணினிகளில் ஏற்றிக் கொடுக்கலாம். எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே கொடுக்கலாம். இதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. சீவகசிந்தாமணியை 1887-இல் அச்சேற்ற உ.வே. சாமிநாதையர் ஊரூராகக் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வருமுன்பே பணம் தருவதாக ஒப்பிய அந்த மனிதர்கள் இல்லையென்றால் அந்த நூல் அப்போது வந்திராது. பிற்காலத்தில் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் சாமிநாதையர். இருபது கோடி என்பது அரசு போடும் ஒரு கையொப்பம்.

இந்த அரங்கில் மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள், சட்டமன்றத்தோடு தொடர்புடையவர்கள் இருக்கிறீர்கள். இந்த ஒரு சதவீதக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, இங்கே கூடியிருப்பவர்களின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெயகாந்தன் 2015 ஏப்ரலில் மறைந்தார். சட்டம் தரும் காலப்படி அவர் எழுத்தின் உரிமை 2075 முடிய இருக்கிறது. அவர் பிறந்த ஊரில் படிக்கிறீர்கள். அவரை பி.டி.எஃபில் படிக்காதீர்கள், நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், முடிந்தால் விலை கொடுத்து வாங்குங்கள்.